வயலுக்கு ஊட்டு, குளத்தைப் பட்டினி போடு

கிணத்துலயும் வாய்க்கால்லயும் நீச்சல் பழகுனவங்க நாம. குளோரின் நெடி நமக்கு ஒத்து வராது. ஆஸ்திரியாவுல 1980களிலேயே மருந்து போடாத நீச்சல் குளங்களை வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவுச்சு.

குளத்துல ஏறக்குறைய பாதி நீந்துறதுக்கு. மீதி ஆழம் குறைந்த செடிப் பகுதி. நடுவுல தண்ணிக்குள்ள மூழ்கின தடுப்புச் சுவர். செடிப் பகுதியில மண்ணே கிடையாது. கழுவின கூழாங்கல்லுல கோரை, நாணல் நடுறாங்க. கல்லுல ஒட்டி வாழுற நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்க, அந்தச் சத்தைச் செடி எடுத்துக்குது.

தண்ணி சுத்தி வரணுமே? அதை வீட்டிலேயே செய்துக்கலாம். கூழாங்கல்லுக்கு அடியில துளை போட்ட குழாயைப் பதிச்சு, நீந்துற பகுதியில செங்குத்தா நிக்கிற பிவிசி குழாயோட இணைக்கணும். அதன் அடியில, மீன்தொட்டிக்கு வைக்கிற மாதிரி காற்று பம்பால காத்து விட்டா, குமிழிகளோட தண்ணியும் மேல ஏறும். கல்லுக்குள்ள வடிகட்டின தண்ணி நீந்துற பக்கம் வரும். அங்கிருந்து சுவரைத் தாண்டி மறுபடி செடிப் பக்கம் போகும். குழாயின் வாய் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கட்டும். உயர்த்தினா வரத்து குறையும்.

இதுல மின்சாரம் தண்ணிக்குள்ள இறங்கவே இல்லை. பம்பைக் கரையில, நீர்மட்டத்துக்கு மேல வைக்கணும். இல்லேன்னா கரண்ட் போனதும் தண்ணி டியூப் வழியா பம்புக்குள்ள ஏறிடும்.

வயல்ல பயிரை வளர்க்குற எரு, இங்க பாசியை வளர்க்கும். அதனால மீன், வாத்து விடாதீங்க. வயல் தண்ணி வழிஞ்சு வராம கரையை உயர்த்துங்க. வருசாவருசம் செடியை அறுத்து வெளியே எடுங்க. அது நம்ம மரங்களுக்கு மூடாக்கு!