கெம்பஸ் போகும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்

லயத்துக் காம்பிராவில் படித்த பிள்ளை கெம்பஸ் போவது நம் எல்லோருக்கும் பெருமை. பெட்டி கட்டும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

பகிடிவதை என்ற பேரில் மேலே கை வைப்பது, அசிங்கமாகப் பேசுவது, புள்ளி போடுகிறேன் என்று சொல்லி விரிவுரையாளர் தப்பாக நடப்பது, எல்லாமே குற்றம். 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவைப்படி பாலியல் தொந்தரவுக்கு 5 வருடம் வரை சிறை. பகிடிவதையின்போது அதைச் செய்தால், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி 10 வருடம் வரை சிறை. ஆண் பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டங்கள் பாதுகாப்பு.

அப்படி நடந்தால் நாள், நேரம், இடம், பார்த்தவர்கள் பெயரை எழுதி வைக்க வேண்டும். போனில் வந்ததை அழிக்கக் கூடாது. மாணவர் ஆலோசகரிடமோ பொலிசிலோ முறையிடலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் பேசலாம். பலாத்காரம் என்றால் குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்? "சொன்னா படிப்ப நிப்பாட்டிருவாங்க" என்ற பயம்தான். ஆகவே, "என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு. உன் மேல பிழை இல்ல. படிப்ப நிறுத்த மாட்டோம்" என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும் என்று அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.