சர்வர்களின் சம்பாஷணை – 7
செல்லுமா, செல்லாதா?

கடவுச்சொல்லைச் சரிபார்த்த பின் பயனருக்கு டோக்கன் எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த டோக்கன் வேறொரு சர்வரின் முன் வந்து நிற்கும்போது, அதை அங்கீகரிப்பதா நிராகரிப்பதா என்று அச்சர்வர் எவ்விதம் விசாரித்து அறிய வேண்டும் என்பதே இவ்வாரத்து விஷயம்.

ஜேடபிள்யூடி வகை டோக்கனில் பொதுவாகக் கையொப்பமும் காலாவதி நேரமும் அடங்கியிருப்பதால், அதை யார் வழங்கினார், எதுவரை செல்லும் என்பவற்றை அந்த டோக்கனைக் கொண்டே நிச்சயிக்கலாம் என்பது மெய்யே. ஆயினும், வழங்கிய பின் இடையில் அது ரத்து செய்யப்பட்டதா என்பதை எந்தக் கையொப்பமும் சொல்லாதாகையால், வழங்கிய சர்வரையே கேட்பது அவசியமாகிறது. அவ்வாறு கேட்பதற்கான எண்ட்பாயின்டின், அதாவது கோரிக்கையை ஏற்கும் முகவரியின், லட்சணங்களை 2015 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 7662 என்னும் இணையத் தர ஆவணம் வகுத்துத் தந்தது.

ராய் ஃபீல்டிங் 2000-ஆம் ஆண்டில் தமது ஆராய்ச்சி நூலில் ‘ரெஸ்ட்’ என்னும் முறையை விவரித்தது முதல் அதைப் பயின்று வந்தவர்களுக்கு, தகவலைப் படிக்க ‘கெட்’ என்னும் வினையே உரியது என்று தோன்றுவது சகஜம். ஆனால் கெட் முறையில் டோக்கன் முகவரியோடு ஒட்டிக்கொண்டு போய்ச் சர்வர்களின் பதிவேடுகளில் எழுதப்பட்டுவிடும். டோக்கனோ, கையில் வைத்திருப்பவர் எவராயினும் அவருக்கே உரிமை தரும் சுபாவமுடையது. ஆகவே அதைப் ‘போஸ்ட்’ முறையில், கோரிக்கையின் உடற்பகுதியில் வைத்து, டிஎல்எஸ் பாதுகாப்புடன் அனுப்புவதே விவேகம்.

காலாவதியான டோக்கனுக்கு 401 என்றோ 404 என்றோ பிழைக் குறியீட்டைப் பதிலாக அனுப்பத் தோன்றலாம். ஆனால் விசாரித்த சர்வர் முறையாகத்தான் கேட்டது, அதற்கு விடையும் கிடைத்தது என்பதால், 200 என்னும் குறியீட்டுடன் ‘ஆக்டிவ்: ஃபால்ஸ்’ என்று ஜேசன் வடிவில் சொல்வதே நியாயம். விசாரிக்கும் சர்வர் தன் சொந்த அடையாளத்தை நிரூபிக்கத் தவறினால் மட்டுமே 401 பொருந்தும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், தன் அடையாளத்தில் நேர்ந்த கோளாறைப் பயனரின் டோக்கனில் உள்ள கோளாறென்று சர்வர் நினைத்து, குற்றமற்ற மனிதரை மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்டு வருத்தும்.

காலம் கடந்ததா, ரத்தானதா, என்றுமே இல்லாததா என்ற காரணத்தையும் வெளியிடலாகாது. யூகத்தால் டோக்கன்களைத் தேடுபவனுக்கு அக்காரணமே துப்பாகிவிடும். விசாரிப்பவரின் அடையாளத்தை முதலில் கேட்பதும் இதே அபாயத்தைத் தடுக்கத்தான். பதிலைச் சிறிது நேரம் சேமித்து வைத்துக்கொண்டால் சர்வரின் பாரம் குறையும் என்றாலும், அந்நேரம் முழுவதும் ரத்தான டோக்கனும் உயிரோடிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

கேட்பவரின் தகுதியை அறிந்து, அவருக்கு வேண்டியதை மாத்திரம் சொல்லும் எண்ட்பாயின்டே உத்தமமானது. இதனை வடிவமைக்கும் இளம் பொறியாளர்கள் இதையே தங்கள் முதல் விதியாகக் கொள்ள வேண்டுகிறேன். டோக்கனை ரத்து செய்யும் முறையை, 2013-இல் வெளியான ஆர்எஃப்சி 7009-ஐக் கொண்டு, அடுத்த வாரம் ஆராய்வோம்.