மியூச்சுவல் ஃபண்டுல ஸ்விட்ச் பண்ணப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்திருந்தார். நம்ம ஆபீஸ் பெரிய காஞ்சிபுரத்துல, கச்சபேஸ்வரர் கோயில் பக்கம். தம்பிக்கு ஒரகடத்துல வேலை. விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவர் என்பதால வார நாள்ல அவரால வர முடியாது. அப்பா பிள்ளையார்பாளையத்துல தறி நெய்றவர். வீட்ல மாசச் சம்பளம் வாங்குற முதல் ஆள் இவர்தான்.

அவர் கையில இருந்த கேபிடல் கெயின் ஸ்டேட்மென்ட்ல 56,400 ரூபாய் குறுகிய கால லாபம்னு இருந்தது. "சார், நான் எதையும் விக்கவே இல்ல. ஆப்ல ஸ்விட்ச்னு இருந்துச்சு, ஒரு ஃபண்டுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தினேன், அவ்வளவுதான். பேங்குக்கு ஒரு ரூபா வரல. அப்புறம் எப்படி லாபம்?"

இந்தக் கேள்வியை வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட முடியாது. அதனால இங்க கணக்கோட எழுதறேன்.

ஸ்விட்ச்னு ஒரே பேர் இருந்தாலும் உள்ளே நடப்பது ரெண்டு வேலை. பழைய ஃபண்டோட யூனிட்களை அன்றைய என்ஏவி விலைக்கு விற்கிறாங்க. அந்தப் பணத்துல புது ஃபண்டோட யூனிட்களை வாங்குறாங்க. பணம் உங்க பேங்க் கணக்கைத் தொடாமப் போறதால விற்பனை நடந்த மாதிரியே தெரியாது. வருமான வரிச் சட்டத்துக்கு அது முழுமையான விற்பனை. நம்ம ஊர்ல பழைய பட்டுப் புடவையை ஜரிகைக்குப் போட்டுட்டு புதுசு எடுப்பாங்க இல்லையா? கடையில ஒரே பில்லா முடிஞ்சாலும், பழசுக்கு ஒரு விலை, புதுசுக்கு ஒரு விலைன்னு ரெண்டு வியாபாரம் நடந்திருக்கும். அதே கதைதான்.

தம்பியோட கணக்குக்கு வருவோம். 2025 மார்ச்ல சீட்டு எடுத்த பணம் 3,00,000 ரூபாயை மொத்தமா ஒரு மிட்கேப் ஃபண்டுல போட்டிருக்கார். 2026 ஜனவரியில அது 3,60,000 ஆயிடுச்சு. கூட வேலை செய்ற ஒருத்தர் வேற ஃபண்டைக் காட்டி, "இதுல போட்டிருந்தா இன்னும் ஏறியிருக்கும்"னு சொல்ல, மதிய ஷிஃப்ட் இடைவேளையில மாத்திட்டார்.

அந்த ஃபண்டுல ஒரு வருஷத்துக்குள்ள வெளியேறினா 1% எக்ஸிட் லோடு. 3,60,000-ல 3,600 ரூபாய் அங்கேயே போச்சு. மீதி 3,56,400. அதுல போட்ட பணத்தைக் கழிச்சா லாபம் 56,400. பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டை 12 மாசத்துக்குள்ள வித்தா அந்த லாபத்துக்கு 20% வரி. 2024 ஜூலை 23 வரைக்கும் இது 15 சதவீதமா இருந்தது, அன்னிக்குத்தான் ஏத்தினாங்க. 56,400-க்கு 20% என்றால் 11,280. அதுக்கு மேல 4% செஸ் சேர்த்தா 11,731. முத்திரைத் தீர்வை, எஸ்டிடி எல்லாம் இருபது ரூபாய் சொச்சம்தான், அதை விட்டுடுவோம். மொத்தத்துல 15,300 ரூபாய்க்கு மேல.

இன்னும் ரெண்டு மாசம் பொறுத்து, 12 மாசம் தாண்டினதும் இதே ஸ்விட்சைப் பண்ணியிருந்தா? எக்ஸிட் லோடு கிடையாது. லாபம் நீண்ட கால லாபம் ஆகியிருக்கும். அதுல ஒரு நிதியாண்டுக்கு 1,25,000 ரூபாய் வரைக்கும் வரியே இல்ல, அதுக்கு மேல இருக்கிறதுக்குத்தான் 12.5%. அதே 60,000 லாபத்துக்கு அவர் கொடுக்க வேண்டியது பூஜ்யம்.

இங்கதான் தம்பி என்னை நிறுத்தினார். "சார், எனக்கு வருஷம் ஒன்பதரை லட்சம்தான் சம்பளம். 12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு சொன்னாங்களே?"

நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இது. 12 லட்சம் வரை வரி இல்லங்கிறது புது வரி முறையில கிடைக்கிற ஒரு தள்ளுபடி. முதல்ல வரியைக் கணக்குப் போட்டு, அப்புறம் அதைத் தள்ளுபடி பண்றாங்க. அந்தத் தள்ளுபடி ஸ்லாப் விகிதத்துல வரி போடற வருமானத்துக்கு மட்டும்தான். பங்கு ஃபண்டு லாபத்துக்கு 20%, 12.5% என்று தனி விகிதம் இருக்கிறதால அதுக்கு இது பொருந்தாது. 2025 பட்ஜெட்ல இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாம எழுதிட்டாங்க. அதனால சம்பளத்துக்கு ஒரு ரூபாய் வரி இல்லாதவருக்கும் ஸ்விட்ச் பண்ண லாபத்துக்கு வரி வரும். தம்பி முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சங்கடமாப் போச்சு.

கடன் ஃபண்டுல கதை வேற. 2023 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வாங்கின கடன் ஃபண்டு யூனிட்களை எத்தனை வருஷம் வெச்சிருந்தாலும் லாபம் உங்க சம்பளத்தோட சேர்ந்து ஸ்லாப்படிதான் போகும். அதனாலேயே, மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா அதுக்குத் தள்ளுபடியும் கிடைக்கும்.

எஸ்ஐபி போடறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். "நான் ஒன்றரை வருஷமா போடறேன், ஒரு வருஷம் தாண்டிடுச்சு"ன்னு நினைச்சுப்பீங்க. ஆனா ஒவ்வொரு மாசத் தவணைக்கும் தனித்தனி பிறந்தநாள். முதல்ல வாங்கின யூனிட்தான் முதல்ல விக்கும். 18 தவணை கட்டி எல்லாத்தையும் மொத்தமா மாத்தினா, முதல் ஆறு தவணை மாதிரிதான் ஒரு வருஷத்தைத் தாண்டியிருக்கும். மீதி எல்லாம் குறுகிய காலக் கணக்குல விழும். வரி சேமிப்புக்கான இஎல்எஸ்எஸ்ல இன்னும் கடுமை. ஒவ்வொரு தவணைக்கும் மூணு வருஷப் பூட்டு, அதுக்கு முன்னாடி ஸ்விட்ச்சும் பண்ண முடியாது.

சரி, இவ்வளவு செலவு பண்ணி எதுக்கு மாத்தறோம்? பெரும்பாலும் "போன வருஷம் அது நல்லா ஏறுச்சு" என்பதுதான் காரணமா இருக்கு. அதுலயும் ஒப்பீடே தப்பா இருக்கும். செபி விதிப்படி மிட்கேப் ஃபண்டு என்றால் குறைந்தது 65% பணம், சந்தை மதிப்புல 101-லிருந்து 250-வது இடம் வரை இருக்கிற கம்பெனிகள்ல இருக்கணும். லார்ஜ்கேப் என்றால் 80% முதல் 100 கம்பெனிகள்ல. ஒரு வருஷம் மிட்கேப் ஓடும், ஒரு வருஷம் லார்ஜ்கேப் ஓடும். மிட்கேப்பை லார்ஜ்கேப்போட வெச்சுப் பார்த்து "என் ஃபண்டு சரியில்ல"ன்னு முடிவு கட்டினா, குறை சொல்ல வேண்டியது ஃபண்டை இல்ல. ஒரே வகைக்குள்ள பாருங்க, அதுவும் அந்த வகையோட குறியீட்டோட மூணு நாலு வருஷக் கணக்கைப் பாருங்க. ஒரு லார்ஜ்கேப்லேர்ந்து இன்னொரு லார்ஜ்கேப்புக்கு ஓடறவங்களை எனக்கு இன்னும் புரியல. அதே நூறு கம்பெனிக்குள்ளதானே சுத்தப் போறீங்க?

மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. பையனோட காலேஜ் ஃபீஸ், வீட்டுக்கு முன்பணம் மாதிரி ஒரு தேவை ரெண்டு வருஷத்துல வருதுன்னா, பங்கு ஃபண்டுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா பாதுகாப்பான இடத்துக்கு மாத்தியே ஆகணும். அதுக்கு எஸ்டிபி போட்டாலும் ஒவ்வொரு மாச மாற்றமும் ஒரு விற்பனைதான், ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னொரு நியாயமான காரணம், ஃபண்டு தன் குணத்தையே மாத்திக்கிறது. வாங்கினப்போ இருந்த முதலீட்டு முறை இப்போ இல்லைன்னா யோசிக்கலாம்.

மூணாவது காரணம் ஆபத்து. ஸ்விட்ச் பட்டன் எப்பவும் வேலை செய்யும்னு நம்பாதீங்க. 2001 ஜூலையில யூனிட் ட்ரஸ்ட் ஆஃப் இந்தியா தன்னோட யூஎஸ்-64 திட்டத்துல யூனிட் விற்பதையும் திரும்ப வாங்குவதையும் ஆறு மாசத்துக்கு நிறுத்தி வெச்சாங்க. 1964-லிருந்து நடுத்தரக் குடும்பங்கள் பேங்க் டெபாசிட் மாதிரி நம்பின திட்டம் அது. உங்க அப்பாவைக் கேட்டாத் தெரியும். 2020 ஏப்ரல் 23 அன்னிக்கு ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடறதா அறிவிச்சாங்க. அப்புறம் யாராலும் வெளிய எடுக்கவும் முடியல, மாத்தவும் முடியல. வழக்கெல்லாம் நடந்து, பணம் தவணை தவணையாத்தான் திரும்பி வந்தது. அந்த ஃபண்டுகள்ல தரம் குறைஞ்ச கடன் பத்திரங்கள் அதிகம்னு மாதாந்திர அறிக்கையில முன்னாடியே தெரிஞ்சுக்க முடிஞ்சது. வருமானத்தை மட்டும் பார்த்தவங்க அதைத் திறந்து பார்க்கல. கடன் ஃபண்டு வெச்சிருக்கவங்க அந்தப் பக்கத்தை மாசம் ஒரு தடவையாவது புரட்டுங்க. அங்க பிரச்சனை தெரிஞ்சா வரியைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

இனி ரெகுலர் பிளான்லேர்ந்து டைரக்ட் பிளானுக்கு. 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஃபண்டுக்கும் விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் இருக்கு. அதே மேனேஜர், அதே பங்குகள், செலவு மட்டும் குறைவு. அந்த வித்தியாசம் ஃபண்டுக்கு ஃபண்டு மாறும். பேச்சுக்கு வருஷம் 1% என்று வெச்சுக்குவோம். 5 லட்சம் ரூபாய் 20 வருஷத்துல 11% வளர்ச்சியில சுமார் 40.3 லட்சம் ஆகும், 12% என்றால் சுமார் 48.2 லட்சம். கிட்டத்தட்ட எட்டு லட்சம் வித்தியாசம். புது ஃபண்டு நல்லா ஓடும்ங்கிறது எதிர்பார்ப்பு, ஆனா செலவு குறையறது நிச்சயம். அதனால இந்த ஒரு ஸ்விட்சை நான் தாராளமா சிபாரிசு பண்றேன். உங்களுக்கு உண்மையிலேயே ஆலோசனை சொல்லி, சந்தை விழறப்போ கையைப் பிடிச்சு நிறுத்தற நல்ல ஏஜென்ட் இருந்தா அந்தக் கமிஷன் வீண் இல்லங்கிறதையும் சொல்லிடறேன்.

இதுவும் விற்பனைதான், வரி உண்டு. அதனால அவசரப்படாம, முதல்ல மாச எஸ்ஐபியை நிறுத்திட்டு டைரக்ட்ல புதுசா ஆரம்பிங்க. புதுப் பணத்துக்கு வரியும் இல்ல, லோடும் இல்ல. ஃபண்டு பிடிக்காம மாத்த நினைக்கிறவங்களுக்கும் இதே வழிதான் சொல்வேன். பழைய யூனிட்கள் ஒரு வருஷம் தாண்டத் தாண்ட, அந்த வருஷத்தோட 1.25 லட்சம் லாபத்துக்குள்ள அடங்கற அளவு மட்டும் மாத்துங்க. மார்ச்ல ஒரு பகுதி, ஏப்ரல்ல இன்னொரு பகுதின்னு பிரிச்சா ரெண்டு நிதியாண்டு சலுகையும் கிடைக்கும். நேரடியா பங்கு வித்து வந்த நீண்ட கால லாபமும் அந்த 1.25 லட்சத்துக்குள்ளதான் வரும், மறந்துடாதீங்க. நஷ்டத்துல இருக்கிற ஃபண்டை மாத்தினா அந்த நஷ்டத்தை மற்ற மூலதன லாபத்துல கழிச்சுக்கலாம். மிச்சத்தை எட்டு வருஷம் வரை எடுத்துட்டுப் போகலாம், ரிட்டர்னைக் கெடுவுக்குள்ள போட்டிருந்தா.

தம்பிக்கு நடந்தது நடந்துடுச்சு. வரி 10,000 ரூபாயைத் தாண்டினதால அட்வான்ஸ் டாக்ஸ் வரம்புக்குள்ள வந்துட்டார். 11,731 ரூபாயை மார்ச் 15-க்குள்ள ஆன்லைன்ல கட்டச் சொன்னேன், இல்லன்னா வட்டி சேரும். வழக்கமாப் போடற ஐடிஆர்-1 இந்தத் தடவை செல்லாது, குறுகிய கால லாபம் இருக்கிறதால ஐடிஆர்-2 போடணும்னும் சொன்னேன்.

எழுந்து போறப்போ கேட்டார்: "சார், பேசாம பழைய ஃபண்டுக்கே திரும்ப மாத்திடட்டுமா?" கொஞ்சம் உட்காருங்கன்னு சொன்னேன். புது ஃபண்டுல வாங்கின தேதியிலிருந்து ஒரு வருஷக் கணக்கு மறுபடி முதல்லேர்ந்து ஓடுது. இப்போ மாத்தினா இன்னொரு 1% லோடு, லாபம் இருந்தா இன்னொரு 20%. போன்ல காலண்டரைத் திறந்து, 2027 பிப்ரவரி முதல் வாரத்துல ஒரு ரிமைண்டர் போட்டுக் கொடுத்தேன்.