தாலிச்சரடும் தையலும்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க, கொங்குப் பக்கத்தில் பங்காளி வீடு, மாமன் வீடு என்று மொத்த உறவும் வந்துவிடும். வருபவர்களில் யாராவது ஒரு பெரியம்மா, "கொஞ்சம் மஞ்சள் இழைச்சுப் பூசு அம்மிணி, வெரசா ஆறிப்போகும்" என்பார். மஞ்சளுக்குப் பெருமை இல்லாமல் இல்லை. காயம் ஆற்ற அதைப் பயன்படுத்த அமெரிக்கா 1995-ல் கொடுத்த காப்புரிமையை, நம் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். வாதாடி 1997-ல் ரத்து செய்யவைத்தது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் களத்தில் காய்ந்து, மண்டியில் மூட்டையாகக் கிடந்து, மில்லில் அரைபட்ட தூளில் கிருமி இருக்கும். புதுத் தையலில் அதற்கு வேலை இல்லை.

கழுத்தில் கத்தி வைக்கவே மருத்துவர்கள் பயந்த காலம் உண்டு. ரத்தப்போக்கிலும் சீழிலும் நோயாளிகள் செத்தார்கள். சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர், கைச்சுத்தம், கருவிச்சுத்தம், ரத்தம் சிந்தாத நிதானம் இவற்றைக் கொண்டே அந்தச் சாவை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறக்கினார். 1909-ல் நோபல் பரிசு பெற்றார். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1928-ல்! ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதித் தராத டாக்டரைச் சந்தேகமாகப் பார்ப்பவர்கள் இதை யோசிக்கலாம். வழக்கமான தைராய்டு அறுவைக்குத் தடுப்பு ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் தேவையில்லை என்றே அமெரிக்க மருத்துவர்களின் 2020 வழிகாட்டியும் சொல்கிறது. சர்க்கரை நோய் போன்ற காரணம் இருந்தால் மருத்துவர் ஓர் ஊசி போடலாம். அதை வீட்டுக்கு வந்தபின்னும் நாள்கணக்கில் நீட்டிப்பது வீண்.

சீழ் பிடிக்காமலிருக்க முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே. ஆண்கள் முந்தின நாள் சலூனுக்குப் போய் கழுத்தை மழமழவென்று மழித்துக்கொண்டு வருவதும் தப்பு. பிளேடு கீறும் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகளில் கிருமி குடியேறும். முடியை எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

தாலிச்சரடு கொஞ்சம் தர்மசங்கடமான விஷயம். தையல் அடிக்கழுத்தில், வேர்வையும் மஞ்சளும் ஊறிய கயிறு உரசுவதும் அதன் பக்கத்திலேயே. புண் ஆறும்வரை கழற்றி வைக்கலாம் என்று மாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மருமகளுக்குப் பாதிக் கவலை தீரும். பருப்பும் முட்டையும் சீழ் கோர்க்கும் என்று பத்தியம் வைப்பதையும் அதே மாமியார் விட்டுவிடலாம். புண் ஆறப் புரதம் வேண்டும்.

சிவப்பு பரவுவது, வலி கூடுவது, சீழ், காய்ச்சல் எது வந்தாலும் ஆபரேஷன் செய்தவரிடமே காட்ட வேண்டும். கழுத்து திடீரென்று புடைத்து மூச்சு முட்டினால் அது பெரும்பாலும் சீழ் அல்ல, உள்ளே ரத்தக்கசிவு. அப்போது போனில் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.