‘கொஞ்சம்தானே’ என்ற சொல்

மாடி வீட்டுப் பெண் போன வாரம் மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பையன் தெளிவாகத்தான் இருந்தான். அவள் முகம்தான் வெளுத்திருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு ஒரு காதுகுத்து வீட்டில் பாயசம் குடித்த பத்தாவது நிமிடம் அவனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், அடுத்தடுத்து வாந்தி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒரு நாள் வைத்திருந்து, பிறகு பரிசோதித்து, முந்திரிப் பருப்பு ஒவ்வாமை என்று சொல்லிவிட்டார்கள்.

“நேத்து வரைக்கும் நல்லா சாப்பிட்டவன்தானே அக்கா? மே மாசம் எங்கம்மா வீட்டுக்குப் போகணும். பண்ருட்டி. வீட்டைச் சுத்தி முந்திரித் தோப்பு. இனிமே எங்கேயும் போக முடியாதா?”

டீயைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். என் மகளுக்கும் இதே முந்திரிதான். ஏழு கோடையைக் கடந்துவிட்டோம். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘நேத்து வரைக்கும்’. நம் உடம்பின் காவல் அமைப்பு முந்திரியில் உள்ள புரதத்தைத் தவறாக எதிரி என்று குறித்துவைத்துக்கொள்கிறது. அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழலிலும் இருக்கும் சில செல்களின் மேல் ஒட்டிவைக்கிறது. இந்த ஏற்பாடு நடக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே புரதம் உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலானவற்றைக் கொட்டுகின்றன. தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் அதன் விளைவு. ஆகவே இது திடீரென்று வந்ததாக நமக்குத் தோன்றுகிறது. அஜீரணமும் இல்லை, கண்ணேறும் இல்லை, தாய் செய்த தவறும் இல்லை.

அடுத்தது, நம் வீடுகளில் அன்போடு புழங்கும் ஒரு சொல்: ‘கொஞ்சம்தானே’. பாட்டியும் அத்தையும் பக்கத்து இலைக்காரரும் அதைச் சொல்லித்தான் ஊட்டுகிறார்கள். ஒவ்வாமைக்கு அந்தக் கணக்கு தெரியாது. சில குழந்தைகளுக்கு ஒரு பருப்பின் துணுக்கே போதும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முந்திரியின் வீரியம் போகாது. ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்’ என்று வீட்டில் முயலவே கூடாது. அப்படி ஒரு சிகிச்சை உண்டு, ஆனால் அது ஒவ்வாமை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டியது. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஆகாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

வெளியே சாப்பிடும்போது பெயரை நம்ப முடியாது. நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தில் வழக்கமான செய்முறைப்படி முந்திரியே கிடையாது, பாசிப்பயறும் வெல்லமும்தான். ஆனால் ஓட்டலின் வெள்ளைக் குருமாவிலும் பனீர் மசாலாவிலும் முந்திரி அரைத்து விட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. பட்டர்ஸ்காட்ச் ஐஸ்கிரீமில் மொறுமொறுவென்று கடிபடுவது பல நேரம் முந்திரித் தூள்தான். வெனிலா கேட்டாலும் அதே கரண்டியால் எடுத்தால் பயனில்லை. பாக்கெட் உணவுகளில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாக அச்சிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்த விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதால் ஊரில் இருக்கும் பாட்டிக்கு அது உதவாது. படித்துச் சொல்லும் வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். கோயில் பிரசாதத்தை மறுக்க மனம் வராது. கண்ணில் ஒற்றிக்கொண்டு பெரியவர்கள் சாப்பிட்டுவிடலாம்.

“அப்படியும் வாயில போயிட்டா?” என்றாள். அதுதான் முக்கியமான கேள்வி.

தடிப்போடு மூச்சிரைப்பு, குரல் மாற்றம், தொடர்ந்து வாந்தி, துவண்டு விழுதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனஃபிலாக்சிஸ். உயிருக்கு ஆபத்தான நிலை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்புறத் தசையில். அது மூச்சுக்குழலைத் திறக்கிறது, சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்குகிறது. செட்டிரிசின் அரிப்பைத்தான் குறைக்கும். அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீணாகும் நேரம். தானாக ஏறும் பேனா ஊசி நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் குழந்தையின் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, மருந்தும் சிரிஞ்சுமாக வைத்துக்கொண்டு, போடும் முறையை அவர் எதிரிலேயே பழகிக்கொள்ள வேண்டும். போட்டதும் 108. குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மறுபடி வரலாம்.

கத்திரி வெயிலில் இன்னொரு கவனம். நிறுத்திவைத்த காருக்குள் அட்ரினலினை விட்டுவிடாதீர்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் அது வலுவிழக்கும். ஐஸில் புதைக்கவும் கூடாது. வெப்பம் தாங்கும் சிறு பையில் போட்டு, குழந்தை இருக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். மருந்து பழுப்பு நிறமானால் மாற்ற வேண்டும்.

பண்ருட்டிக்கு அவள் தாராளமாகப் போகலாம். மரத்தைப் பார்ப்பதாலும் நிழலில் விளையாடுவதாலும் ஒன்றும் ஆகாது. கொட்டை வறுக்கும், உடைக்கும் இடத்துக்கு மட்டும் பையனை விட வேண்டாம். அங்கே வேலை செய்தவர்கள் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். சானிட்டைசர் புரதத்தை அகற்றாது. அவனுக்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி. பஸ்ஸுக்கு வீட்டிலிருந்தே எலுமிச்சை சாதம். கிளம்பும் முன்பே அம்மாவுக்குப் போன் போட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, இரவில் திறந்திருக்குமா என்று கேட்டுவைக்கட்டும்.

அவள் டீ ஆறிவிட்டிருந்தது, சூடாக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

இதைப் படிக்கும் மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பஸ்ஸிலோ பந்தியிலோ அடுத்தவர் குழந்தைக்கு எதையாவது நீட்டும் முன் அதன் தாயிடமோ தகப்பனிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் வருத்தப்படாமல் கையை மடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்கு நீங்கள் காட்டும் அன்பு அதுதான்.