நஷ்டமடைந்த கப்பலும் நிலைத்து நின்ற படமும்

எல்லாக் காலத்துக்கும் உகந்த தமிழ்ப் படம் எது என்ற வினாவைப் பெரம்பூரிலிருந்து ஆவடிக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஒருவர் எழுப்பினால், அம்பத்தூர் வருவதற்குள் பத்து விடைகள் கிடைத்துவிடும். 'எங்க வீட்டுப் பிள்ளை' என்பார் ஒருவர். 'தில்லானா மோகனாம்பாள்' என்பார் மற்றொருவர். இளைஞர் ஒருவர் 'நாயகன்' என்று அடித்துச் சொல்லுவார். மூவர் கூற்றிலும் நியாயம் உண்டு. கலை விஷயத்தில் ரசனை பலவிதமாயிருப்பது இயல்பேயன்றிக் குற்றமன்று. ஆயினும் ஒரே ஒரு படத்தைத்தான் தெரிந்தெடுக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படின், நாம் 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' என்ற படத்தையே முன்வைப்போம். அதற்குரிய காரணங்களை வாசகர்கள் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலில் ஓர் ஆட்சேபத்துக்கு விடை கூறிவிடுவது நலம். இப்படம் வெளியான காலத்தில் வசூலில் வெற்றி பெறவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' ஆகிய படங்களுக்குக் கொட்டகைகளில் இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. அவ்விரண்டிலும் நடித்த அதே சிவாஜி கணேசன், வ. உ. சிதம்பரம் பிள்ளையாகத் தோன்றிய படத்தையோ ஜனங்கள் போதிய அளவு ஆதரிக்கவில்லை. அதைத் தயாரித்து இயக்கிய பி. ஆர். பந்துலு, 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' மூலம் பெரும் புகழ் ஈட்டியவர். அவருக்கு இம்முறை கிடைத்தது நஷ்டமே. தேசிய விருதுகளில் அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற கௌரவம் கிடைத்தது. ஆனால் விருது கடனை அடைக்காது.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. ஒவ்வொரு சுதந்திர தினத்திலும், ஒவ்வொரு குடியரசு தினத்திலும் தமிழர் நினைவுக்கு வருவது இப்படம்தான். அன்று வசூல் கணக்கில் தோற்றது இன்று எங்ஙனம் நிலைத்து நிற்கிறது? இதுவே ஆராயத்தக்க கேள்வி.

காரணங்களுள் முதன்மையானது, படம் தன் கதாநாயகனின் தோல்வியை மறைக்கவில்லை என்பதாகும். ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றை ஆதாரமாகக் கொண்ட இக்கதை, உண்மையில் ஒரு கம்பெனியின் வீழ்ச்சிக் கதை. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கொன்றுக்கு 25 ரூபாய் என்பது ஏற்பாடு. 1907-இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் சென்றது. ஏறினவர்க்குக் குடையும் கொடுத்தது. அதுவும் போதாதென்று சர்க்காரின் பலம் முழுவதும் எதிர்த்தரப்பில் நின்றது. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது; கப்பல்கள் விலைபோயின. மேல் முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார்.

சாதாரணமாகப் படம் எடுப்போர் இத்தகைய வாழ்க்கையின் வெற்றிப் பகுதியைக் காட்டிவிட்டு, துன்பத்தைப் பாட்டொன்றில் அடக்கிவிடுவர். பந்துலு அவ்வாறு செய்யவில்லை. சிறையில் மாட்டுக்குப் பதிலாக மனிதன் செக்கிழுக்கும் காட்சியை நாம் கண்ணிமைக்காமல் பார்க்கும்படி செய்தார். அதனினும் கொடிது சிறைவாசலில் நிகழ்வது. ஒரு காலத்தில் எவர் பேச்சுக்காக ஆயிரக்கணக்கானோர் கடற்கரையில் திரண்டனரோ, அவரை வரவேற்கக் கூட்டம் இல்லை. தொழுநோயால் உருக்குலைந்த சுப்பிரமணிய சிவா ஒருவரே காத்து நிற்கிறார். நாடக மேடையில் வளர்ந்த டி. கே. சண்முகம் சிவாவாகவும், கணேசன் பிள்ளையாகவும் ஒருவரையொருவர் நோக்கும் அக்கணத்தில், பார்ப்பவர் நெஞ்சில் இரக்கத்தோடு வெட்கமும் பிறக்கிறது. அந்த வாசலுக்கு வராமற்போன ஜனங்கள் நம் முன்னோரல்லரோ? பார்ப்போரைப் புகழும் படங்கள் பல. பார்ப்போரைக் கேள்வி கேட்கும் படங்கள் சில. இச்சிலவே நீடித்து நிற்கின்றன என்பது நமது துணிபு.

இரண்டாவது காரணம், பாரதியின் பாட்டு. படத்தின் பாடல்களுக்கு இசையமைத்தவர் ஜி. ராமநாதன். கவிஞர் வேறொருவரைத் தேடவேண்டிய அவசியம் அவருக்கு நேரவில்லை. 1949-இல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையைப் பொதுவுடைமையாக ஏற்றதன் பயனை இப்படம் முழுமையாக அடைந்தது. பாரதியாக நடித்த எஸ். வி. சுப்பையாவோ, நடித்தார் என்று சொல்வதற்கே நாக் கூசும்படி அவ்வேடத்தில் ஒன்றிவிட்டார். படத்தில் மட்டுமே பாரதியைக் கண்ட ஒரு தலைமுறைக்கு, பாரதி என்றவுடன் அவர் முகமே தோன்றிற்று.

மூன்றாவது காரணம், அம்பத்தூர், ஆவடிப் பிரதேசத்தாருக்குச் சிறப்பாக உரியது. சிதம்பரம் பிள்ளை கப்பல் முதலாளிகளுக்கு மட்டும் தலைவராயிருந்தவர் அல்லர். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவர்களுக்கு முன்னின்றார். அவர்கள் கேட்டவை கூலி உயர்வும் வாரத்தில் ஒருநாள் ஓய்வும். சில தினங்களில் நிர்வாகம் இணங்கியது. சில நாட்கள் கழித்து அவர் கைதான செய்தி பரவியதும், ஆலைத் தொழிலாளரோடு வண்டிக்காரர்களும் சவரத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் வேலையை நிறுத்திய புகழ்பெற்ற நிகழ்ச்சி அதற்குப் பின்னர் ஜூலையில் நடந்ததேயாகும். படத்தின் ஆலைக் காட்சிகளுக்கு இந்தச் சரித்திரமே அடிப்படை.

இப்பொழுது அம்பத்தூரையும் ஆவடியையும் நோக்குங்கள். 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. 1955 ஜனவரியில் ஆவடிக் காங்கிரஸ் மகாசபை சமதர்ம பாணிச் சமுதாயத்தை லட்சியமாக ஏற்றது. படம் வெளியான அதே 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கிருந்து 1965 டிசம்பரில் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அந்தப் பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வளர்ந்தது. இரு கப்பல்களோடு மூழ்கிய சுதேசிக் கனவு, அரை நூற்றாண்டுக்குப் பின் இங்கே இரும்பாகவும் இயந்திரமாகவும் கரையேறிற்று என்று கூறுவது மிகையாகாது. விடுதலைக்குப் பின் பிள்ளையவர்கள் வறுமையோடு சில காலம் வாழ்ந்த பெரம்பூர், இதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்க இந்தியர் அவருக்கென்று திரட்டிய 347 ரூபாய் 12 அணாவுக்காக அவர் காந்தியடிகளுக்குப் பன்முறை கடிதம் எழுத நேர்ந்தது. 1916-இல்தான் பணம் கைக்கு வந்தது. நாட்டுக்குக் கப்பல் வாங்கியவர் நிலை அது!

ஆகவே, ஒப்பந்தக் கூலியாக இரவு வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞனோ, தையற்சாலையிலிருந்து மாலையில் திரும்பும் ஒரு பெண்ணோ, வாராந்தர ஓய்வு என்ற உரிமை எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பினால், இப்படத்தைக் காட்டிலும் எளிய உபாத்தியாயர் வேறில்லை. உரிமை யாரோ மனமிரங்கி அளித்த தானமன்று என்பதை அது கற்பிக்கிறது.

படத்தில் குறைகளே இல்லை என்று வாதிப்பது நமது நோக்கமன்று. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தோன்றும் காதற் கிளைக்கதை, கொட்டகைக்கு வருவோரை முன்னிட்டுச் சேர்க்கப்பட்டதாகவே தோன்றுகிறது. சில வசனங்கள் உரையாடலாக இராமல் மேடைப் பிரசங்கமாக நீள்கின்றன. ஜோடனை நயத்தில் இன்றைய படங்களுக்கு இது ஈடாகாது. பூவிருந்தவல்லிக்கு அருகில் செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களில் இன்று எழுப்பப்படும் மாடமாளிகைகளைக் கண்டவர்கள், 1961-இன் கப்பல் காட்சிகளைக் கண்டு புன்னகை செய்யக்கூடும். செய்யட்டும். ஜோடனை பழசாகும், தொழில்நுட்பமும் பழசாகும். தோற்றவனுக்குக் காட்டவேண்டிய மரியாதை பழசாவதில்லை.

பந்துலுவின் 'கர்ணன்' 2012-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டபோது, இளந்தலைமுறையினர் திரள் திரளாகச் சென்று பார்த்ததை நாம் அறிவோம். நல்ல பண்டத்தை நல்ல முறையில் பரிமாறினால் உண்பதற்கு ஆள் உண்டு என்பதற்கு அதுவே அத்தாட்சி. சிதம்பரம் பிள்ளையின் சிலைகளுக்கு மாலையிடுவது எளிது. அவர் பெயரைச் சாலைக்கு வைப்பதும் எளிது. அவர் ஏன் தோற்றார், யார் அவரைக் கைவிட்டனர் என்று நம் குழந்தைகளுக்குக் கூறுவதே கடினம். அக்கடினமான காரியத்தை இப்படம் மூன்று மணி நேரத்தில் செய்து முடிக்கிறது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் உள்ள தொழிற்சங்கத்தாரும் பள்ளி ஆசிரியர்களும் செப்டம்பர் 5-ஆம் தேதி அவர் பிறந்தநாளன்று இப்படத்தை மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் காட்ட ஏற்பாடு செய்வார்களாக. ஆசிரியர் தினமும் அன்றைக்கே அமைந்திருப்பது நல்ல பொருத்தம். அன்று சிறைவாசலில் கூடத் தவறிய கூட்டம், இன்றேனும் திரைக்கு முன் கூடட்டும்.