நீல மலரின் ஆபத்து

கஸ்தூரி மானுக்கு அதன் கஸ்தூரியே காலனாய் வாய்த்தது. செடிகளிலும் அப்படி அழகாலேயே அழிவைத் தேடிக்கொள்பவை உண்டு. மேகாலயத்துக் காஸி மலைகளில் பூக்கும் 'நீல வாண்டா' அவற்றுள் ஒன்று. ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, மரக்கிளையைப் பற்றிக்கொண்டு மழையிலும் பனியிலும் நீர் பருகி வாழ்வது. 'வாண்டா' என்ற பெயரும் ஸம்ஸ்கிருதம் தந்ததே.

1850-ல் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவர சாஸ்திரி அம்மலைகளுக்கு வந்தார். லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை நீல வாண்டாவைத் திரட்டினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சிலவே! இடத்தை அறிந்துவரத் தம் தோட்டக்காரனை அவருடன் அனுப்பிய ஒரு கனவான், ஓர் ஆள் சுமையைக் கப்பலேற்றினார். வாடி வதங்கிப் போய்ச் சேர்ந்த அதுவே 300 பவுனுக்கு விலைபோயிற்று. ஹூக்கரே தம் யாத்திரை நூலில் இதைக் குறித்திருக்கிறார். இந்த விலையைக் கேட்டபின் காடு தப்புமா?

பறித்தால் மறுபடி முளைக்காதோ என்று நேயர்கள் கேட்கலாம். ஆர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாதது. காட்டில் ஒருவகைப் பூஞ்சணத்தின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். பூப்பதற்கோ பல ஆண்டுகள் செல்லும். பூத்த செடியைப் பெயர்ப்பவன் அதன் சந்ததியையும் சேர்த்தே பெயர்க்கிறான்.

அன்று கொண்டுபோனவர் அந்நியர். இன்று நம்மவர் பறிக்க நம்மவரே வாங்கினால் யாரை நோவது? 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1991-ல் திருத்தப்பட்டபோது நீல வாண்டாவுக்கும் காப்பளித்தது. காட்டில் பறிப்பது மட்டுமல்ல, உரிமம் பெற்ற வியாபாரியிடமன்றி வேறெவரிடமும் வாங்குவதும் குற்றமே.

அப்படியானால் இம்மலர் நம் வீட்டில் பூக்கவே கூடாதா? தாராளமாய்ப் பூக்கலாம். ஆய்வுக்கூடத்தில் விதையை முளைப்பித்து ஆயிரக்கணக்கில் கன்றுகள் வளர்க்கும் வித்தை இன்று கைவந்திருக்கிறது. அவை தொட்டியிலேயே பழகியவை; எளிதில் மடிவதில்லை. காட்டுச் செடியோ அறுந்த வேரும், ஒட்டிய மரப்பட்டையும், பூச்சி அரித்த இலையுமாய்த் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

ஆகையால் செடி வாங்கப் புகுமுன், "இது எங்கே வளர்ந்தது?" என்று கேளுங்கள். விடை தயங்கி வந்தால் வெறுங்கையுடன் திரும்புங்கள். கொள்வாரில்லாத சரக்குக்காக மலையேறுவார் எவருமில்லை.